கியர் விழலையா? ‘பாக்ஸை இறக்கணும்’ என்று சொன்னதும் தலையாட்டுவதற்கு முன்...

எந்த மெக்கானிக் ஷெட்டாக இருந்தாலும் இந்த உரையாடல் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் போகும். “அண்ணே, ஃபர்ஸ்ட் கியர் விழவே மாட்டேங்குது. ரிவர்ஸ் போட்டா கர்ர்னு சத்தம் வருது.” மெக்கானிக் காரில் ஏறுவார், கிளட்ச்சை ஒருமுறை மிதிப்பார், கியர் ராடை நாலு பக்கமும் அசைப்பார், இறங்குவார். “கிளட்ச் போயிருக்கு சார். பாக்ஸை இறக்கித்தான் பார்க்கணும்.” கார்க்காரரிடமிருந்து இரண்டு கேள்விகள் வரும். எவ்வளவு ஆகும்? வண்டி எப்போ கிடைக்கும்?

மூன்றாவதாக ஒரு கேள்வி இருக்கிறது. “கிளட்ச்தான்னு எப்படிண்ணே கண்டுபிடிச்சீங்க?” அதைத்தான் யாரும் கேட்பதில்லை. கேட்டால் மெக்கானிக்கைச் சந்தேகப்படுவது போல ஆகிவிடுமோ என்ற தயக்கம். கேட்டாலும் பதில் புரியாது என்ற எண்ணம் இன்னொரு பக்கம்.

புரியும். கியர் இறுக்கமாக விழுவதற்குக் காரணம் கிளட்ச் பெடலுக்கு அடியில் சுருண்டு கிடக்கும் ஃப்ளோர் மேட்டாகவும் இருக்கலாம், கியர் பாக்ஸுக்குள் தேய்ந்துபோன பித்தளை வளையமாகவும் இருக்கலாம். முதலாவதற்குச் செலவு பூஜ்யம். இரண்டாவதற்குப் பாக்ஸையே பிரிக்க வேண்டும். இரண்டுக்கும் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும் அறிகுறி ஒன்றுதான்: கியர் விழவில்லை. அறிகுறியை மட்டும் வைத்துப் பாகத்தை மாற்றினால், சரியான பாகம் மாறுகிறதா என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

இதில் ‘ஸ்கேனர் போட்டுப் பார்த்துடலாம்’ என்பதும் பெரிதாக உதவாது. சாதாரண மேனுவல் கியர் பாக்ஸ் முழுக்க முழுக்க இரும்பும் எண்ணெயும்தான். சிங்க்ரோ ரிங் தேய்ந்தால் டேஷ்போர்டில் எந்த விளக்கும் எரியாது. ஆனால் எந்தக் கருவியும் இல்லாமல், பத்து நிமிடத்தில், கார் உரிமையாளரே செய்து பார்க்கக்கூடிய சில சோதனைகள் இருக்கின்றன. அவை பாதி விடையைச் சொல்லிவிடும்.

ஓடுற பஸ்ஸில் ஏறுவது போலத்தான்

கிளட்ச் என்ன செய்கிறது என்பது தெரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் பிடிபடும். என்ஜின் ஓடும்வரை அதன் ஃப்ளைவீல் சுற்றிக்கொண்டே இருக்கும். ஃப்ளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவில் கிளட்ச் பிளேட் அழுத்திப் பிடிக்கப்பட்டிருக்கும். அந்தப் பிளேட் வழியாகத்தான் என்ஜினின் சுழற்சி கியர் பாக்ஸுக்குள் போகிறது. பெடலை மிதித்தால் ரிலீஸ் பேரிங் பிரஷர் பிளேட்டின் விரல்களைத் தள்ளும், பிடி தளரும், கிளட்ச் பிளேட் தனியாக விடுபடும். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தாலும் கியர் பாக்ஸுக்குள் சக்தி போகாது.

இப்போது கியர் மாற்ற வேண்டும். பாக்ஸுக்குள் பற்சக்கரங்கள் எப்போதும் ஒன்றோடொன்று கடித்தபடிதான் இருக்கின்றன. கியர் போடும்போது நடப்பது, ஒரு ஸ்லீவ் நகர்ந்து, தேவையான சக்கரத்தை ஷாஃப்டோடு பூட்டுவது மட்டும்தான். பூட்டுவதற்கு முன் இரண்டின் வேகமும் ஒன்றாக வேண்டும். ஓடுகிற பஸ்ஸில் ஏறுபவர் படியைப் பிடிப்பதற்கு முன் பஸ்ஸோடு சேர்ந்து நாலு அடி ஓடுவார் இல்லையா, அதே வேலை. அந்த நாலு அடியை ஓடித் தருவதுதான் சிங்க்ரோ ரிங். பெரும்பாலும் பித்தளையில் செய்த, கூம்பு வடிவ உட்பக்கம் கொண்ட வளையம். உரசி உரசி வேகத்தைச் சமமாக்கும். வேகம் சமமாகும்வரை ஸ்லீவை உள்ளே விடாது. 1928-ல் காடிலாக் நிறுவனம் இதைத் தன் கார்களில் கொண்டுவருவதற்கு முன்பு, வேகத்தைச் சமமாக்கும் வேலை முழுவதும் டிரைவர் காலில் இருந்தது. பழைய லாரி டிரைவர்கள் கிளட்ச்சை இரண்டு முறை மிதித்துக் கியர் மாற்றியது அதற்குத்தான்.

சிங்க்ரோ ரிங்கால் முடிவது, விடுபட்டுத் தானாகச் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு ஷாஃப்டின் வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும்தான். கிளட்ச் முழுசாக விடுபடாமல், என்ஜின் இன்னும் அந்த ஷாஃப்டை இழுத்துக்கொண்டே இருந்தால், ஒரு சின்ன பித்தளை வளையம் என்ஜினோடு மல்லுக்கு நிற்க வேண்டியிருக்கும். அது தோற்கும். கியர் விழாது, விழுந்தாலும் கரகரவென்று விழும்.

ஆகப் பிரச்சினையை இரண்டாகப் பிரிக்கலாம். ஒன்று, கிளட்ச் விடவில்லை. இரண்டு, கிளட்ச் சரியாக விடுகிறது, ஆனால் கியர் ராடிலிருந்து பாக்ஸ் உள்பக்கம்வரை எங்கேயோ தடங்கல். எந்தப் பக்கம் என்பதுதான் முதலில் தெரிய வேண்டும்.

என்ஜினை அணைத்துவிட்டுப் போட்டுப் பாருங்கள்

சமதளத்தில், முன்னும் பின்னும் ஆளோ சுவரோ இல்லாத இடத்தில் காரை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை முழுசாகப் போட்டுக்கொள்ளுங்கள். முதலில் காலடியில் பாருங்கள். ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் போட்ட மேட், உருண்டுபோன தண்ணீர் பாட்டில், எதுவாவது பெடல் தரைவரை போவதைத் தடுக்கிறதா? சிரிப்பாக இருக்கலாம். ஆனால் கடைசி ஒரு இன்ச் பெடல் இறங்காவிட்டால் கிளட்ச் முழுசாக விடாது. சீட்டைப் பின்னால் தள்ளிப் போட்டு நுனிக்காலில் மிதிப்பவர்களுக்கும் இதேதான்.

அடுத்து, என்ஜினை அணைத்துவிட்டு, கிளட்ச்சை மிதித்து, எல்லாக் கியரையும் வரிசையாகப் போட்டு எடுங்கள். பிறகு என்ஜினை ஸ்டார்ட் செய்து, ஐடிலில் விட்டு, அதே வரிசை.

அணைத்திருக்கும்போது வெண்ணெய் மாதிரி விழுந்த கியர், என்ஜின் ஓடும்போது மட்டும் அடம் பிடித்தால், சந்தேகம் கிளட்ச் விடுபடும் பக்கம். ஏனென்றால் கியர் ராட், கேபிள், செலெக்டர் எல்லாமே இரண்டு முறையும் அதே வேலையைத்தான் செய்தன. மாறியது என்ஜின் சுற்றியது மட்டுமே. மாறாக, அணைத்திருக்கும்போதே கியர் இறுக்கமாக இருந்தால் கிளட்ச் செட்டை மாற்றி எந்தப் பிரயோஜனமும் இல்லை. தடங்கல் கியர் ராடுக்கும் பாக்ஸுக்கும் நடுவிலோ பாக்ஸுக்கு உள்ளேயோதான்.

ஒரு சின்ன எச்சரிக்கை. நின்றிருக்கும் காரில் சில சமயம் பல்லும் பல்லும் நேருக்கு நேர் வந்து நின்றுவிடும். அப்போது நல்ல கியர் பாக்ஸிலும் ஒரு கியர் விழாது. நியூட்ரலுக்கு வந்து, கிளட்ச்சை விட்டு மறுபடி மிதித்துப் போட்டால் விழுந்துவிடும். சிக்னலில் எப்போதாவது ஒருமுறை ஃபர்ஸ்ட் மறுப்பதும், செகண்டைத் தொட்டுவிட்டுப் போட்டால் விழுவதும் கோளாறு இல்லை. அதற்காக யாரும் ஷெட்டுக்கு ஓட வேண்டாம்.

இரண்டாவது சோதனை ரிவர்ஸ். பல கார்களில் ரிவர்ஸுக்குச் சிங்க்ரோ ரிங் கிடையாது. அதனால்தான் அது நல்ல துப்பு தருகிறது. என்ஜின் ஐடிலில், நியூட்ரலில், கிளட்ச்சை முழுசாக மிதித்து, மனதுக்குள் ஐந்துவரை எண்ணிவிட்டு ரிவர்ஸ் போடுங்கள். கிளட்ச் நன்றாக விட்டிருந்தால் உள்ளே இருக்கும் ஷாஃப்ட் அதற்குள் வேகம் தணிந்து நின்றிருக்கும், சத்தமில்லாமல் விழும். ஐந்து எண்ணிய பிறகும் கர்ர்னு கத்தினால், ஷாஃப்ட் இன்னும் சுற்றுகிறது என்று அர்த்தம். யார் சுற்றுகிறார்கள்? என்ஜின்தான்.

மூன்றாவது, கிளட்ச் பெடலை மூன்று நான்கு முறை வேகமாக அடித்துவிட்டுக் கியர் போட்டுப் பார்ப்பது. ஹைட்ராலிக் கிளட்ச் உள்ள காரில் இப்படி அடித்த பிறகு மட்டும் கியர் விழுந்தால், பிளேட்டைத் தொட வேண்டிய அவசியமே இல்லாமல் போகலாம். குழாயில் காற்று புகுந்திருக்கும், ஆயில் குறைந்திருக்கும், அல்லது மாஸ்டர் சிலிண்டரோ ஸ்லேவ் சிலிண்டரோ உள்ளுக்குள் கசியும். அடிக்க அடிக்கத் தற்காலிகமாக அழுத்தம் ஏறுவதால்தான் கியர் விழுகிறது.

இந்த மூன்றையும் ஷெட்டுக்குப் போவதற்கு முன்பே முடித்துவிடலாம். மெக்கானிக்கிடம் போய் “கியர் விழல” என்று சொல்வதற்கும், “என்ஜின் ஆஃப்ல எல்லாக் கியரும் ஈஸியா விழுது, ஆன்ல விழல, பெடலை நாலு தடவை அடிச்சா விழுது” என்று சொல்வதற்கும் உள்ள வித்தியாசம் பில்லில் தெரியும்.

‘கிளட்ச் போயிடுச்சு’ என்றால் என்ன?

தமிழ்நாட்டு ஷெட்களில் அதிகம் புழங்கும், அதிகம் குழப்பும் வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும். கிளட்ச் ‘போவது’ இரண்டு நேர் எதிரான விதங்களில் நடக்கிறது.

ஒன்று, பிளேட் தேய்ந்து வழுக்குவது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் என்ஜின் உறுமும், ஆர்பிஎம் ஏறும், வேகம் ஏறாது. ஏற்றத்தில் திணறும், கருகின வாடை வரும். இங்கே பிரச்சினை, கிளட்ச் பிடிக்கவில்லை என்பது. கியர் விழுவதில் இந்தக் காருக்குப் பெரும்பாலும் எந்தக் கஷ்டமும் இருக்காது.

இரண்டு, கிளட்ச் பிடித்ததை விடாமல் இழுப்பது. கியர் விழாமல் போவது இதனால்தான். பிளேட்டில் இன்னும் பாதி உயிர் இருக்கலாம். காரணம் வெளியே இருக்கலாம். கேபிள் கிளட்ச் உள்ள சிறிய கார்களில் கேபிள் நீண்டு, பெடலின் வெற்று ஆட்டம் அதிகமாகியிருந்தால் ஒரு நட்டைத் திருகி அட்ஜஸ்ட் செய்வதிலேயே சரியாகிவிடும். ஹைட்ராலிக் காரில் ஏர் எடுத்தால் போதுமானதாக இருக்கும். வெளியே எல்லாம் சரி என்று உறுதியான பிறகுதான் உள்ளே போக வேண்டும்: பிரஷர் பிளேட் விரல்கள் தேய்ந்திருப்பது, ரிலீஸ் ஃபோர்க் வளைந்திருப்பது, பிளேட் கோணியிருப்பது, பிளேட் நகரும் ஷாஃப்டின் வரிப்பள்ளங்களில் துரு ஏறியிருப்பது.

வாடிக்கையாளர் “கியர் விழல” என்கிறார். மெக்கானிக் “கிளட்ச் போச்சு” என்கிறார். கேட்பவர் மனதில் ‘பிளேட் தேய்ஞ்சிடுச்சு’ என்று பதிகிறது. புது செட் போடப்படுகிறது. கேபிளும் சிலிண்டரும் பழையதே. நான்கு நாளில் பிரச்சினை திரும்பி வரும்போது, “இப்போ பாக்ஸ்ல வேலை இருக்கு” என்று அடுத்த சுற்று தொடங்குகிறது. செட் மாற்றி வெளியே வந்த அன்றே கியர் விழவில்லை என்றால், பெரும்பாலும் பொருத்தியதில்தான் தவறு. பிளேட்டைத் திருப்பிப் போட்டிருக்கலாம், ஏர் எடுக்காமல் விட்டிருக்கலாம், கேபிளை அட்ஜஸ்ட் செய்யாமல் இருக்கலாம். அதற்கு இன்னொரு பில் தர வேண்டியதில்லை.

மழைக்காலத்துக்கென்று தனியாக ஒன்று உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் எத்தனையோ கார்கள் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன. அப்படி நனைந்து, பிறகு வாரக்கணக்கில் எடுக்காமல் கிடந்த காரில் பிளேட் துருப்பிடித்து ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொள்ளும். பெடல் சாதாரணமாக இறங்கும், ஆனால் எதுவும் விடாது. அதே தண்ணீர் காற்றுத் துளை வழியாகக் கியர் பாக்ஸுக்குள்ளும் போயிருந்தால் ஆயில் பால் டீ நிறத்துக்கு மாறியிருக்கும். வெள்ளத்தில் நின்ற காருக்கு என்ஜின் ஆயிலை மாற்றுவதில் காட்டும் அக்கறையைக் கியர் ஆயிலில் பலர் காட்டுவதில்லை.

கிளட்ச் குற்றவாளி இல்லை என்றால்

என்ஜின் அணைத்தும் இறுக்கமாக இருக்கிறது. அப்போது முதல் சந்தேகம் கியர் கேபிள் அல்லது லிங்கேஜ் மேல். இன்றைய முன்சக்கர இழுவைக் கார்களில் பெரும்பாலானவற்றில் ராடுக்கும் பாக்ஸுக்கும் நடுவில் இரண்டு கேபிள்கள் ஓடுகின்றன. உறைக்குள் அழுக்கும் துருவும் சேர்ந்தால், அல்லது முனையில் இருக்கும் புஷ் தேய்ந்தால், கை சொல்வது பாக்ஸுக்குச் சரியாகப் போய்ச் சேராது. நல்ல மெக்கானிக் இங்கே ஒன்று செய்வார். பானெட்டைத் திறந்து, பாக்ஸ் பக்கத்தில் கேபிள் முனையைக் கழற்றிவிட்டு, செலெக்டர் லீவரை நேரடியாகக் கையால் அசைத்துப் பார்ப்பார். அங்கே லேசாக நகர்ந்தால் பாக்ஸ் நிரபராதி. ராடைப் பிடித்தால் கொழகொழவென்று ஆடுகிறதா, எந்தக் கியரில் இருக்கிறது என்றே தெரியவில்லையா? அதுவும் புஷ் தேய்ந்ததன் அடையாளம். என்ஜின் மவுன்டிங் உடைந்து என்ஜினும் பாக்ஸும் இடம் மாறி உட்கார்ந்திருந்தாலும் இதே கஷ்டம் வரும். மவுன்டிங்கை யாரும் கியரோடு சேர்த்து யோசிப்பதில்லை.

ஒரே ஒரு கியர் மட்டும் மறுக்கிறது, அதுவும் ஓடும்போது, உதாரணத்துக்கு தேர்டிலிருந்து செகண்டுக்கு இறக்கும்போது மட்டும் கரகரக்கிறது என்றால் கதை வேறு. அந்தக் கியரின் சிங்க்ரோ ரிங் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். கிளட்ச் இழுத்தால் எல்லாக் கியரும் கஷ்டப்படும், குறிப்பாக ஃபர்ஸ்டும் ரிவர்ஸும். ஒன்றை மட்டும் பிடித்துப் பழிவாங்காது. உறுதி செய்ய, பழைய லாரி டிரைவர் முறையையே போடலாம். நியூட்ரலுக்கு வந்து, கிளட்ச்சை விட்டு, லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்து, மறுபடி மிதித்துக் கியரை இறக்குவது. அப்படிச் செய்தால் வழுக்கிக்கொண்டு விழுகிறது என்றால், வளையம் செய்ய வேண்டிய வேலையைக் கால் செய்துவிட்டது. வளையம் ஓய்ந்துவிட்டது. இங்கே ‘பாக்ஸை இறக்கணும்’ என்று மெக்கானிக் சொன்னால் அவர் சொல்வது சரி.

காலையில் முதல் அரை மணி நேரம் மட்டும் இறுக்கம், சூடானதும் சரியாகிவிடுகிறது. ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்கு இது பழக்கமான புகார். முதலில் பார்க்க வேண்டியது கியர் ஆயில். சிறிய கார்களில் சுமார் இரண்டு லிட்டர்தான் பிடிக்கும், ஆனாலும் கார் வாங்கியதிலிருந்து ஒருமுறைகூட மாற்றாதவர்கள் ஏராளம். மாற்றும்போதும் ‘ஏதோ ஒரு கியர் ஆயில்’ என்று ஊற்றக் கூடாது. கார் மேனுவலில் ஜிஎல்-4 என்று போட்டிருக்கும் பாக்ஸில் ஜிஎல்-5 ஊற்றுவது நல்லதல்ல. ஐந்து நான்கைவிடப் பெரியது, எனவே உசத்தி என்று நினைப்பது தவறு. ஜிஎல்-5 பின்சக்கர டிஃபரன்ஷியல் போன்ற கடும் அழுத்தம் உள்ள இடங்களுக்கானது. அதில் அதிகமாகச் சேர்க்கப்படும் கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்களில் சில வகை பித்தளையை அரிக்கக்கூடியவை. சிங்க்ரோ ரிங் பித்தளை. ஹோண்டா போன்ற சில நிறுவனங்கள் தங்கள் மேனுவல் பாக்ஸுக்கென்று தனி ஆயிலே சொல்கின்றன. கடைக்காரர் சொல்வதைவிட மேனுவலில் அச்சிட்ட ஒரு வரி முக்கியம்.

கொண்டை ஊசி வளைவில் நியூட்ரல்

‘கொஞ்சம் டைட்டாத்தான் இருக்கு, அழுத்திப் போட்டா விழுந்துடும்’ என்று மாதக்கணக்கில் ஓட்டுபவர்கள் உண்டு. நகரத்தில் அப்படி ஓட்டினால் பணம்தான் போகும். ஒவ்வொரு முறை பலவந்தமாகத் தள்ளும்போதும் சிங்க்ரோ ரிங்கும் செலெக்டர் ஃபோர்க்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். சில நூறு ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய கேபிள் வேலை, பாக்ஸைப் பிரிக்கும் வேலையாக வளரும்.

மலைப்பாதையில் கணக்கு வேறு. கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள், வால்பாறைக்கு 40. இறங்கும்போது வேகத்தைக் கட்டுப்படுத்த வேண்டியது முதலில் கியர், அப்புறம்தான் பிரேக். தேர்டில் இறங்கிக்கொண்டிருக்கும் கார் அடுத்த வளைவுக்கு முன் செகண்டுக்கு மாற வேண்டும். கிளட்ச்சை மிதித்துத் தேர்டை எடுத்தாயிற்று, செகண்ட் விழவில்லை. அந்த நொடியிலிருந்து கார் நியூட்ரலில் இறங்குகிறது. என்ஜின் பிடி இல்லை, வேகம் ஏறுகிறது, வேகம் ஏற ஏற செகண்ட் விழுவது இன்னும் கஷ்டமாகிறது. முழுப் பாரமும் பிரேக் மேல். தொடர்ந்து மிதித்தால் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும். கியர் தகராறு செய்யும் காரை எடுத்துக்கொண்டு லீவுக்கு மலையேறுவதைத் தவிர்க்கச் சொல்வதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம். வழியிலேயே ஆரம்பித்துவிட்டால், மேலே ஏறும் முன், அடிவாரத்திலேயே நிறுத்திவிடுவது நல்லது.

இன்னொரு ஆபத்து பலருக்குத் தெரியாது. ஹைட்ராலிக் கிளட்ச் உள்ள பல கார்களில் பிரேக்குக்கும் கிளட்ச்சுக்கும் ஒரே ஆயில் டப்பாதான். கிளட்ச் பக்கம் எடுக்கும் குழாய் பொதுவாகக் கொஞ்சம் உயரத்தில் இருக்கும். கசிந்து மட்டம் குறைந்தால் முதலில் கிளட்ச்தான் காற்று வாங்கும். அதாவது, கியர் திடீரென்று விழாமல் போனது, பிரேக் ஆயில் குறைந்துகொண்டு வருவதற்கான முதல் எச்சரிக்கையாகவும் இருக்கலாம். பானெட்டைத் திறந்து அந்த டப்பாவின் மட்டத்தைப் பார்க்க ஒரு நிமிடம் ஆகாது.

கண்டுபிடிப்பதற்குக் கூலி தருகிறோமா?

இவ்வளவு எளிதான சோதனைகள் இருக்கும்போது ஏன் பல ஷெட்களில் செய்வதில்லை? ‘ஏமாற்றுகிறார்கள்’ என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஏமாற்றுபவர்கள் இருக்கிறார்கள்தான். ஆனால் மெக்கானிக் பக்கத்திலிருந்து பார்த்தால் வேறு ஒரு கணக்கு தெரியும்.

ஒருவர் காரைக் கொண்டுவருகிறார். மெக்கானிக் முக்கால் மணி நேரம் செலவழித்து, கேபிள் முனையைக் கழற்றி, பெடல் ஆட்டத்தை அளந்து, கடைசியில் ஒரு நட்டைத் திருகிச் சரிசெய்துவிடுகிறார். “ஐந்நூறு ரூபாய் கொடுங்க” என்றால், “ஒரு நட்டைத் திருகுனதுக்கா?” என்ற கேள்வி வரும். அதே மெக்கானிக் புது கிளட்ச் செட் போட்டு, ஸ்பேர் தனி, லேபர் தனி என்று ஆயிரக்கணக்கில் பில் போட்டால் கேள்வியில்லாமல் பணம் வரும். கண்ணால் பார்க்கும் பொருளுக்குக் காசு தருகிறோம், மூளைக்குத் தருவதில்லை. அப்படியிருக்க மெக்கானிக் எந்தப் பக்கம் சாய்வார்?

கம்பெனி சர்வீஸ் சென்டர்களும் இதற்கு விதிவிலக்கில்லை. அங்கே காரை ஓட்டிப் பார்ப்பவர் ஒருவர், வேலை செய்பவர் இன்னொருவர், கஸ்டமரிடம் பேசுபவர் மூன்றாமவர். ஜாப் கார்டில் ‘கியர் ஹார்ட்’ என்று இரண்டு வார்த்தை எழுதப்படுகிறது. எந்தக் கியர், சூடாகவா குளிராகவா, நின்றா ஓடியா என்ற விவரமெல்லாம் கஸ்டமர் நாக்கிலேயே நின்றுவிடுகிறது.

எனவே செக்கிங் சார்ஜ் என்று ஒன்றைத் தனியாகக் கேட்கும் மெக்கானிக்கைச் சந்தேகத்தோடு பார்க்கக் கூடாது. அவரைத் தேடிப் போக வேண்டும். ‘பார்க்கிறதுக்கு ஐந்நூறு, கோளாறு எதுவாக இருந்தாலும்’ என்பவருக்குக் கோளாறு பெரிதாக இருக்க வேண்டிய அவசியமில்லை. ‘பார்க்கிறதுக்குக் காசு வேண்டாம் சார்’ என்பவர் அந்தக் காசை வேறு எங்கிருந்தாவது எடுத்தாக வேண்டும்.

மெக்கானிக்குகளுக்கு நியாயமாகச் சேர வேண்டிய ஒன்றையும் சொல்லிவிடலாம். பாக்ஸை இறக்கிய பிறகு பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்து மாற்றச் சொல்வது பெரும்பாலும் நல்ல யோசனைதான். இறக்கி ஏற்றும் கூலிதான் பெரிய செலவு. பேரிங்கை மட்டும் மாற்றி மூடிவிட்டு, ஆறு மாதத்தில் பிளேட்டுக்காக மறுபடி இறக்குவதில் லாபமில்லை. சில கார்களில் ஸ்லேவ் சிலிண்டரே பாக்ஸுக்கும் என்ஜினுக்கும் நடுவில், உள்ளே இருக்கும். அங்கே சின்ன கசிவுக்கும் பாக்ஸ் இறங்கியே ஆக வேண்டும். இறக்குவதைத் தவறென்று சொல்ல முடியாது. எதற்கு இறக்குகிறோம் என்று தெரியாமல் இறக்குவதுதான் தவறு.

வாங்கும் முன் ஐந்து நிமிடம்

இந்தச் சோதனைகள் அதிகம் காப்பாற்றப்போவது செகண்ட் ஹேண்ட் கார் வாங்குபவர்களைத்தான். டயர், பெயின்ட், ஏசி, மியூசிக் சிஸ்டம் எல்லாம் பார்ப்பார்கள். கியரை ஒருமுறை போட்டுப் பார்த்து ‘நல்லாத்தான் விழுது’ என்று அட்வான்ஸ் கொடுத்துவிடுவார்கள். விற்பவர் காரை ஏற்கனவே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், குளிரில் மட்டும் வரும் இறுக்கம் தெரியவே தெரியாது. காலையில், என்ஜின் தொட்டால் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். அணைத்து ஒரு வரிசை, ஓடவிட்டு ஒரு வரிசை, ஐந்து எண்ணி ரிவர்ஸ், பிறகு ரோட்டில் தேர்டிலிருந்து செகண்ட், செகண்டிலிருந்து தேர்ட். ‘புது கிளட்ச் போட்டாச்சு சார்’ என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால், எதற்காகப் போட்டீர்கள், போட்ட பிறகு சரியானதா என்று கேட்கலாம். கியர் பிரச்சினைக்காகப் போட்டு, சரியாகாமல் போய், அதனாலேயே விற்பனைக்கு வந்த காராகவும் இருக்கலாம்.

ஷெட்டில் விடுபவர்களுக்கு, காகிதம் கையில் இருப்பது நல்லது. எந்தச் சோதனையில் என்ன தெரிந்தது, எந்தப் பாகம் மாற்றப்படும், உத்தேசச் செலவு எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொள்ளலாம், வாட்ஸ்அப்பில் வந்தாலும் போதும். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், செய்த சேவைக்கு பில் தராமல் இருப்பதை நியாயமற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாகச் சொல்கிறது. புகார் என்று வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மத்திய அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய ‘ரைட் டு ரிப்பேர்’ இணையதளம் முதலில் எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் வாகனமும் ஒன்று. நிறுவனங்கள் பழுதுபார்ப்பு விவரங்களை வெளிப்படையாகத் தர வேண்டும் என்பது அதன் நோக்கம்.

அதோடு, கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். பழைய கிளட்ச் பிளேட்டின் உரசும் பரப்பில் ரிவெட் தலைகள் பள்ளத்துக்குள் இருக்கும். பரப்பு தேய்ந்து, ரிவெட் தலை மட்டத்துக்கு வந்துவிட்டிருந்தால் பிளேட்டின் ஆயுள் முடிந்திருந்தது உண்மை. ரிவெட்டுக்கு மேல் இன்னும் நல்ல கனம் மிச்சமிருக்கிறது, கோணலோ எண்ணெய்க் கறையோ இல்லை, பிரஷர் பிளேட்டின் விரல்களும் சமமாக நிற்கின்றன என்றால், கியர் விழாததற்குக் காரணம் அந்த செட் இல்லை. கார் இன்னும் ஷெட்டில் நிற்கும்போதே கேபிளையும் சிலிண்டரையும் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் மீதிப் பணத்தைக் கொடுக்க வேண்டும்.